கார்டில் பணம் போன பிறகும் இத்தாலியிலிருந்து அபராதக் கடிதம்: கட்ட வேண்டுமா?

கேள்வி: போன ஜூனில் அம்மா, அப்பா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இத்தாலி போனோம். ரோமில் ஏழு பேர் உட்காரும் காரை வாடகைக்கு எடுத்து ஒன்பது நாள் நானே ஓட்டினேன். ஃப்ளாரன்ஸில் பழைய ஊருக்குள் ஒரு ஓட்டலில் இரண்டு இரவு தங்கினோம். அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் ஓட்டல் வாசல் வரை காரைக் கொண்டுபோனேன். வரவேற்பில் கார் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் பீசா போய்த் திரும்பும்போதும் வாசல் வரை ஓட்டினேன். செப்டம்பரில் வாடகை நிறுவனம் என் கிரெடிட் கார்டில் 48.80 யூரோ இரண்டு தடவை எடுத்தது. அபராதம் தீர்ந்தது என்று விட்டுவிட்டேன். இப்போது, முதல் நாள் நுழைந்ததற்கு 100 யூரோவுக்கு மேல் கட்டச் சொல்லி ஃப்ளாரன்ஸ் நகராட்சியிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. ஒரே தப்புக்கு இரண்டு தடவை பணமா? பயணத்தை ஏற்பாடு செய்த ஏஜென்ட் 35,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருவதாகவும், இல்லாவிட்டால் இனி ஷெங்கன் விசா கிடைக்காது என்றும் சொல்கிறார். எங்களுக்கு மூன்று வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அம்மாவின் மருத்துவச் சான்றை அனுப்பினால் தள்ளுபடி கிடைக்குமா?

— கோவை வாசகர்

பதில்: முதலில், அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். உங்கள் வேலைக்கு ஒரு இமெயிலும் ஒரு கிரெடிட் கார்டும் அரை நாள் பொறுமையும் போதும்.

செப்டம்பரில் போனது அபராதம் இல்லை. இந்தக் குழப்பம் இல்லாத கடிதமே எனக்கு வருவதில்லை. கேமராவில் பதிவான நம்பரை வைத்து நகராட்சிப் போலீஸ் வாடகை நிறுவனத்திடம், அன்றைக்கு இந்தக் காரை எடுத்திருந்தவர் யார் என்று கேட்கிறது. நிறுவனம் உங்கள் பெயரையும் விலாசத்தையும் கொடுக்கிறது. கொடுத்ததற்கு அவர்கள் போட்ட கூலி 40 யூரோ, அதன்மேல் இத்தாலியின் 22 சதவீத வரி 8.80. ஒரு பெயரை எடுத்து அனுப்புவதற்கு இவ்வளவா என்று எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் சாவி வாங்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இது இருக்கும். வங்கியில் புகார் கொடுத்தால் நிறுவனம் அந்தக் கையெழுத்தைத்தான் காட்டும். ஒப்பந்தத்தில் உள்ளதைவிட அதிகம் எடுத்திருந்தால் மட்டும் வங்கிக்கு எழுதுங்கள். இரண்டு தடவை எடுத்திருப்பதால், இரண்டு முறை உங்கள் பெயரைக் கேட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதனால் இன்னொரு கடிதமும் வரும், தயாராக இருங்கள்.

என்ன தப்பு நடந்தது என்று பார்ப்போம். ஃப்ளாரன்ஸ், ரோம், பீசா, சியேனா என்று ஏகப்பட்ட இத்தாலிய ஊர்கள் பழைய நகரப் பகுதிக்குள் வெளி வண்டிகள் நுழையாதபடி எல்லை வகுத்திருக்கின்றன. பலகையில் இசட்.டி.எல். என்று போட்டிருக்கும். வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், பக்கத்தில் ஒரு மின்பலகை, மேலே கேமரா, அவ்வளவுதான். தடுப்புக் கம்பமோ நிறுத்திக் கேட்க ஆளோ பெரும்பாலும் இருக்காது. மின்பலகையில் ‘வார்கோ ஆத்திவோ’ என்று எழுத்து ஒளிரும். ‘ஆக்டிவ்’ போலத் தெரிவதால் வழி திறந்திருக்கிறது என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அர்த்தம் நேர் எதிர்: வாசலில் கண்காணிப்பு நடக்கிறது, உள்ளே வராதே. ‘நோன் ஆத்திவோ’ என்று இருந்தால்தான் போகலாம். வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லாதவர், பின்னால் ஸ்கூட்டர் ஹாரன், ஃபோனில் வழி சொல்லும் குரல், பின் சீட்டில் வலியில் அம்மா. இதற்கு நடுவே அந்த இரண்டு வார்த்தையை யார் படிப்பது? சாவி கொடுக்கும் மேசையில் இருப்பவர் ஒரு நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லலாம். இத்தனை வருடத்தில், கேட்காமலே சொன்னதாக என்னிடம் வந்த ஒரு குடும்பமும் சொன்னதில்லை. கேமரா நம்பரைப் படிக்க ஒரு விநாடி ஆகிறது, கடிதம் வருவதற்கோ பத்து மாதம். வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கடிதம் அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. வாடகை காராக இருந்தால், உங்கள் பெயர் தெரியவந்த நாளிலிருந்துதான் நகராட்சிகள் இந்தக் கணக்கை எண்ணுகின்றன. அதனால் ‘தாமதமாக வந்த கடிதம் செல்லாது’ என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

இனி உங்கள் விஷயம். மருத்துவச் சான்று உதவாது. மூட்டு வலி எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அந்தச் சலுகை மாற்றுத்திறனாளிகளுக்கான ஐரோப்பிய வண்டி அனுமதி அட்டை வைத்திருப்பவர்களுக்குத்தான்.

ஆனால் ஓட்டல் விஷயம் அப்படியில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, ‘வரவேற்பில் கார் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்கள்’ என்பதுதான். கட்டுப்பாட்டு எல்லைக்குள் இருக்கும் ஓட்டலுக்கு ஒரு உரிமை உண்டு. வந்து இறங்கும் விருந்தாளியின் கார் நம்பரை அது நகராட்சிக்குத் தெரிவிக்கலாம். அப்படித் தெரிவித்தால், பெட்டிகளை இறக்குவதற்காக உள்ளே வந்த அந்த ஒரு நுழைவுக்கு அபராதம் கிடையாது. முன்கூட்டியே சொல்லாமல் வந்து சேர்ந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் சொன்னாலும் பல ஊர்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆக, உங்கள் முதல் நாள் நுழைவில் மூன்றில் ஒன்று நடந்திருக்க வேண்டும். ஓட்டல்காரர் எழுதி வைத்துவிட்டு அனுப்ப மறந்திருக்கலாம். அனுப்பியும் ஒரு எழுத்து தப்பாகப் போயிருக்கலாம். சரியாக அனுப்பியும் நகராட்சிப் பக்கம் விட்டுப்போயிருக்கலாம். முதல் விஷயம் என்றால் பணத்தை ஓட்டலிடம்தான் கேட்க வேண்டும், நகராட்சியிடம் வாதாட ஒன்றும் இல்லை. மற்ற இரண்டில் ஒன்று என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எதுவென்று தெரிந்துகொள்ள, முதலில் கடிதத்தில் உள்ள நம்பரை வாடகை ஒப்பந்தத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். இத்தாலிய நம்பர் இரண்டு எழுத்து, மூன்று எண், இரண்டு எழுத்து என்ற வரிசையில் வரும். ஐ, ஓ, க்யூ, யூ ஆகிய நான்கு எழுத்துகளை அதில் பயன்படுத்துவதே இல்லை. எண்ணோடோ வேறு எழுத்தோடோ குழம்பக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே ஓட்டல் சீட்டில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஓ எழுதியிருந்தால் தப்பு அங்கேதான். அப்புறம் ஓட்டலுக்கு எழுதுங்கள்: எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த நம்பரை நகராட்சிக்கு அனுப்பினீர்கள், அனுப்பியதற்கான நகல் வேண்டும். ‘ஆமாம், அனுப்பினோம்’ என்ற ஒரு வரி பதில் போதாது, நகல் கையில் வர வேண்டும்.

நகல் வந்தால் அதையும், கடிதம், வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட் முதல் பக்கம், ஓட்டல் பில் ஆகியவற்றையும் சேர்த்து, கடிதத்தில் உள்ள நகராட்சிப் போலீஸ் முகவரிக்கு ரத்து செய்யும்படி எழுதலாம். ஆனால் இந்த வேண்டுகோளால் கெடு நாள் நின்றுவிடாது. அதனால் 60 நாளுக்குள் பிரெஃபெத்தோவுக்கு முறையான மேல்முறையீட்டையும் இத்தாலிய மொழியில் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். பிரெஃபெத்தோ என்பவரை நம்மூர் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் தோற்றால் குறைந்தபட்ச அபராதத்தைப் போல இரண்டு மடங்காவது கட்ட வேண்டும். அதனால் கையில் நகல் இல்லாமல் மேல்முறையீடு போடாதீர்கள். பணத்தைக் கட்டிவிட்டால் மேல்முறையீட்டு உரிமை போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் நாள் பீசாவிலிருந்து திரும்பியது வேறு கதை. ஓட்டல் சலுகை வந்து சேரும் நாளுக்கும் கிளம்பும் நாளுக்கும்தான் பெரும்பாலும் பொருந்தும், நடுவில் ஊர் சுற்றி வருவதற்கு இல்லை. அந்தக் கடிதம் வந்ததும் வாதாடாமல் கட்டிவிடுங்கள். கையில் வாங்கிய நாளிலிருந்து 5 நாளுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 சதவீதம் குறையும், தபால் செலவில் குறையாது. 60 நாள் வரை முழுத் தொகை, அதற்குப் பிறகு ஏறக்குறைய இரட்டிப்பு. இப்போது வந்திருக்கும் கடிதத்துக்கு ஐந்து நாள் போயிருக்கும், அறுபது நாள் இன்னும் இருக்கிறது.

கட்டும்போது கடிதத்தில் கொடுத்திருக்கும் இணையதளத்தில் கார்டு மூலமே கட்டுங்கள். அந்த முகவரியையும் தபாலில் வந்த தாளிலிருந்தே தட்டச்சு செய்யுங்கள், இமெயிலில் வரும் லிங்கைத் தொடாதீர்கள். ரூபாயில் கட்டலாமா என்று திரையில் கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். வங்கி வழியாக அனுப்பினால் நடுவில் உள்ள வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும், பத்து யூரோ குறைந்து போய்ச் சேரும். குறைவாக வந்த பணத்தை இத்தாலியச் சட்டம் முன்பணமாகத்தான் எடுத்துக்கொள்ளும், மீதியைப் பெரிய தொகையாகத் திரும்பக் கேட்கும். அப்படி மாட்டிக்கொண்ட திருச்சிக் குடும்பம் ஒன்று ரசீதை வைத்துக்கொண்டு என்னிடம் வந்து அழுதது. பணமும் கட்டியிருக்கிறார்கள், கடனும் இருக்கிறது. வங்கி வழிதான் முடியும் என்றால், எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து, குறிப்பில் கடித எண்ணையும் கார் நம்பரையும் போடுங்கள்.

விசா பயம் வெறும் வியாபாரம். இது கிரிமினல் வழக்கு இல்லை, நிர்வாக அபராதம். ஷெங்கன் விசா படிவத்தில் போக்குவரத்து அபராதம் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. விசாவுக்காக இல்லாமல், அந்த ஊர்ச் சட்டப்படி நாம் கொடுக்க வேண்டியது என்பதற்காகக் கட்டுங்கள். அவர் கேட்கும் 35,000 ரூபாயில் இரண்டு அபராதத்தையும் கட்டிய பிறகு அவர் கையில் கணிசமாக மிஞ்சும்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. எனக்கு அபராதத்தைவிட அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ‘மூன்று வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் ஆர்டிஓ தரும் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் ஒரு வருடம்தான் செல்லும். 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி தருவது அது. படிவம் 4ஏ, பாஸ்போர்ட், டிக்கெட் நகல், 1,000 ரூபாய் கட்டணம். பார்க்கச் சின்னப் புத்தகம் போல இருக்கும். மூன்று வருடம், ஐந்து வருடம் என்று பளபளப்பான பிளாஸ்டிக் அட்டையாக வந்தால், ஏதோ ஒரு தனியார் இணையதளம் அச்சடித்த மொழிபெயர்ப்புத் தாள்தான் அது. வாடகை மேசையில் பல சமயம் அதையும் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறார்கள். சாலையில் போலீஸ் நிறுத்தினால் அது செல்லாது. அதைவிட மோசம், விபத்து நடந்தால் சரியான உரிமம் இல்லாமல் ஓட்டினார் என்று இன்சூரன்ஸ் கைவிரிக்க வழி கிடைத்துவிடும். ஆறு பேர் இருந்த காரை ஒன்பது நாள் அந்த அட்டையை நம்பி ஓட்டியிருக்கிறீர்கள். இதை எழுதும்போதே எனக்கு மனசு பதறுகிறது.

ஆர்டிஓ பக்கமும் முன்பு குறை இல்லாமல் இல்லை. விசா நகல் கொடு என்பார்கள், விசாவோ புறப்பட நாலு நாள் இருக்கும்போது வரும். அந்த நாலு நாளில் ஒரு நாள் லீவு, ஒரு நாள் சர்வர் வேலை செய்யாது. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்கள் பிழைத்தார்கள். 2021-இல் விதியை மாற்றி, விசா இல்லாமலே விண்ணப்பிக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஆகவே விசாவுக்காகக் காத்திருக்காமல், மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் முன்கூட்டியே பதிந்துவிட்டு நேரில் போய் நில்லுங்கள்.

அதே ஏஜென்ட் ‘ஃபுல் கவர்’ என்று ஏதாவது இன்சூரன்ஸ் விற்றிருந்தால், அது அபராதத்தையோ அந்த 48.80 யூரோவையோ தராது. கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மறுபடி ஃப்ளாரன்ஸ் போவதாக இருந்தால், ஏ1 நெடுஞ்சாலையை விட்டு இறங்காமலே வில்லா கொஸ்தான்சா என்ற நிறுத்தத்தில் காரை விடலாம். அங்கிருந்தே டி1 டிராம் கிளம்பி ரயில் நிலையம் வரை வரும். அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு டாக்சி பிடித்தால் ஓட்டல் வாசலிலேயே இறங்கலாம், டாக்சிக்கு உள்ளே போக அனுமதி உண்டு.

இன்று செய்ய வேண்டியது ஓட்டலுக்கு அந்த இமெயில். கடிதம் வந்த உறையையும் தூக்கிப் போடாதீர்கள். அதை வாங்கிக் கையெழுத்துப் போட்ட தேதியிலிருந்துதான் அறுபது நாளும் எண்ணப்படும். தேதி நினைவில்லை என்றால் தபால்காரரிடமோ, பதிவு எண்ணை வைத்து அஞ்சல் துறைத் தளத்திலோ பார்த்து உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.