குடியிலிருந்து மீண்ட மகனைப் பற்றி வெளியில் பெருமையாகச் சொல்லலாமா?

சொல்லலாம். நான் சொல்கிறேன். "மறைத்தால்தான் பெண் கிடைக்கும்" என்று உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் என் நாத்தனாரே சொன்னார்.

எங்களுக்குக் காரைக்குடிப் பக்கம். மகன் ஏழு வருடம் குடித்தான். நாங்களே நிறுத்திவிடலாம் என்று அறையில் வைத்துப் பூட்டினோம். மூன்றாம் நாள் கை நடுங்கி, இல்லாத ஆட்களோடு பேச ஆரம்பித்தான். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்கள் மடத்தனம் உறைத்தது. ஆகவே, கோயிலுக்குப் போனான், திருந்தினான் என்று கதை அளப்பதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முதலில் மருத்துவம். பிறகு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம்; குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இடம். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, கட்டணம் கிடையாது. குடியிலிருந்து மீள அது சொல்லும் 12 படிகளில் ஒன்பதாவது, தன்னால் துன்பப்பட்டவர்களுக்கு ஈடு செய்வது.

அந்தப் படியில் இருந்தபோது ஒரு மாலை, என் மாமியார் பெயர் வெட்டிய பித்தளைத் தூக்கைக் கொண்டுவந்து முகப்பில் வைத்தான். "ஆத்தா, இது களவு போகவில்லை. நான்தான் விற்றேன்." முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் மூன்று மாதம் ஏறி இறங்கி, விற்றதைப் போல நான்கு மடங்கு கொடுத்து மீட்டிருக்கிறான். அந்தத் தூக்குக்காக, வீட்டு வேலைக்கு வந்த அக்காவைச் சந்தேகப்பட்டு நிறுத்தியவள் நான். மறுநாள் அவர் வாசலில் அவன் கையெடுத்துக் கும்பிட்டு நின்றான். பின்னால் நானும் நின்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இருவருக்கும் தண்ணீர் மோந்து கொடுத்தார்.



தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறான். முன்பும் நடந்தவன்தான், அப்போது முருகனிடம் கேட்க நீளமான பட்டியல் இருக்கும். இந்த முறை அவன் வழியில் நத்தத்தில் இருந்தபோது போன் செய்தேன். ஒரு பெரியவரின் கால் கொப்புளத்துக்கு மருந்து போடுகிறேன், பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

நீங்களும் சொல்வதற்கு முன் உங்கள் மகனைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன். "எழுதுங்கள் ஆத்தா, பெயர் மட்டும் வேண்டாம்" என்றான்.