உள்ளே விட்ட துணி

அன்புள்ள ஐயா,

என் அம்மாச்சி போன மாதம் தவறிவிட்டார். வயது 84. திருமங்கலத்தில் எங்கள் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். தாத்தா இறந்தபோது அம்மாச்சிக்கு 29 வயது, கையில் இரண்டு பெண் குழந்தைகள். தோட்டை அடகு வைத்து ஒரு உஷா மெஷின் வாங்கினார். அதை மிதித்தே என் அம்மாவையும் சித்தியையும் படிக்க வைத்தார்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தியாகம், உழைப்பு என்று நான்கு வரி வருகிறது. அதோடு நின்றுவிடுகிறது. படித்துப் பார்த்தால் யாரோ ஒரு பாட்டியைப் பற்றி எழுதியதுபோல இருக்கிறது. மெஷினும், அவர் அளவு குறித்த மூன்று நோட்டுகளும் என்னிடம் இருக்கின்றன. மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார் சித்தப்பா. நான் எப்படி எழுதுவது?

ம.

அன்புள்ள ம.,

அம்மாச்சியின் மறைவு மனதைக் கனக்கச் செய்தது. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒன்றை நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். அளவு குறித்த மூன்று நோட்டுகள். அங்கிருந்து தொடங்குங்கள்.

தோட்டை அடகு வைத்த பாட்டிகள் நம் ஊர்களில் தெருவுக்கு நான்கு பேர் உண்டு. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தியாகம் என்று எழுதியதும் எல்லாப் பாட்டிகளுக்கும் ஒரே முகம் வந்துவிடுகிறது. உங்கள் அம்மாச்சி தொழில் தெரிந்தவர். அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள், அவர் முகம் தானாக வரும்.

ஜாக்கெட் பார்க்கச் சின்னத் துணி. தைப்பவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கடையில் கிடைக்கும் ஜாக்கெட் பிட் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர். முன்பக்கம் இரண்டு, முதுகு, கை இரண்டு, பட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கிராஸ் கட் என்றால் துணியைச் சாய்த்துப் போட்டு வெட்ட வேண்டும். உடம்போடு அழகாக இழைந்து நிற்கும், ஆனால் துணி கூடுதலாகப் பிடிக்கும். உடம்பு கனத்தவர் அதே 80 சென்டிமீட்டரைக் கொண்டுவந்து நீட்டினால் அக்குளுக்கு அடியில் ஒட்டுக் கொடுத்துச் சமாளிக்க வேண்டும். அப்புறம் கை ஏற்றுவது. கையின் மேல் வளைவு, அது போய்ச் சேரும் குழியைவிடச் சற்று நீளமாக இருக்கும். அந்த மிச்சத்தைச் சுருக்கம் விழாமல் விரலால் தள்ளித் தள்ளி உள்ளே கொடுத்துத் தைக்க வேண்டும். இதை வருடக்கணக்கில் செய்த விரல்கள் அவருடையவை.

என் அத்தையும் தையல்காரர். அவருடைய நோட்டில் யார் பெயரும் இருக்காது. ‘டீச்சர் வீடு’, ‘பால்காரம்மா’, ‘மாடி வீட்டு மூத்த மருமகள்’ என்றுதான் இருக்கும். அதன் கீழே உயரம், மார்பு, இடுப்பு, கை லூஸ், முன்கழுத்து. ஒவ்வொரு தீபாவளிக்கும் பழைய எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய எண் எழுதுவார். கல்யாணமாகி வந்தபோது 32, இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு 36. ‘டீச்சர் வீடு’ என்று எழுதிய பக்கத்தில் 38க்கு அடுத்ததாக 33 என்று இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது, தப்பாக எழுதிவிட்டீர்கள் என்றேன். அத்தை பதில் சொல்லவில்லை. அந்த வாரம் டீச்சர் வீட்டுக்குப் போய், பழைய ஜாக்கெட்டுகளை எல்லாம் வாங்கி வந்து, ஒவ்வொன்றாகப் பிடித்துத் தைத்தார். காசு வாங்கவில்லை. டீச்சர் அதற்கப்புறம் ஒரு தீபாவளிதான் பார்த்தார்.

புதுப்பெண்ணுக்குத் தைக்கும்போது அத்தை பக்கவாட்டில் துணியை வெட்டி எறியமாட்டார். ஒன்றரை இன்ச் வரைக்கும் உள்ளே விட்டு, மூன்று வரி தையல் போடுவார். உடம்பு பெருத்தால் ஒரு வரியைப் பிரித்தால் போதும். அந்தப் பெண்ணுக்கு வரப்போகும் நாட்களை நினைத்து விட்ட துணி அது. உங்கள் அம்மாச்சி தைத்த ஜாக்கெட் ஒன்று வீட்டில் இருக்கும். அதை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். எத்தனை வரி இருக்கிறது, அவற்றில் எத்தனை பிரிக்கப்பட்டிருக்கிறது, பிரித்த இடத்தில் துணியின் நிறம் வெளுக்காமல் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். உங்கள் அம்மாவிடம் கேட்டால் எந்த வருடம் எந்த வரியைப் பிரித்தார்கள் என்று சொல்லக்கூடும்.

இயந்திரங்கள்மேல் அத்தனை சந்தேகம் வைத்திருந்த காந்தி, 1924இல் ஓர் உரையாடலில் சிங்கர் தையல் மெஷினை மட்டும் தனியே எடுத்து வைத்துப் பேசினார். மனிதர்கள் கண்டுபிடித்த பயனுள்ள மிகச் சில பொருட்களில் அதுவும் ஒன்று என்றார். உங்கள் அம்மாச்சியை நினைத்தால் அது எவ்வளவு சரி என்று தெரிகிறது. 29 வயதில் தனித்து நின்ற ஒரு பெண், யார் வாசலிலும் போய் நிற்காமல், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பெண்களை வளர்க்க அந்த மெஷின் வழிசெய்திருக்கிறது.

அதை இரும்புக்குப் போட வேண்டாம் என்று சித்தப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். தோல் பெல்ட் தொய்ந்திருக்கும், கொஞ்சம் வெட்டிச் சேர்த்தால் சரியாகிவிடும். துளைகளில் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு நாள் அப்படியே வையுங்கள். மறுநாள் நூல் இல்லாமல், ஒரு பழைய செய்தித்தாளை ஊசிக்குக் கீழே கொடுத்து மெதுவாக மிதித்துப் பாருங்கள். தையல் பழகுகிறவர்களை முதலில் உட்கார வைப்பது அப்படித்தான்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டை நகர்த்தி, அடிநூல் சுற்றியிருக்கும் பாபினை வெளியே எடுங்கள். அம்மாச்சி கடைசியாகத் தைத்த நூல் அதில் மிச்சம் இருக்கும். அது என்ன நிறம் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.