கராஜில் ஒரு தோட்டாப் பட்டறை

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். வயது 47. மூன்று வருடமாக சனிக்கிழமைகளில் ரேஞ்சுக்குப் போய் .308 ரைஃபிளில் சுடப் பழகுகிறேன். தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. சுட்ட கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே திரும்பக் கெட்டிக்கலாம் என்கிறார்கள். ரிட்டயர் ஆன பிறகும் கைக்கு வேலையாக இருக்கும். காசு மிச்சமாகுமா? எந்த மெஷின் வாங்கலாம்? "வீட்டுக்குள்ள வெடிமருந்தா?" என்று மனைவி பயப்படுகிறாள்.

பதில்: மெஷின் இருக்கட்டும், உங்கள் விசா என்ன? கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் கவலையில்லை. எச்-1பி போன்ற தற்காலிக விசா என்றால், அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு. பலரும் நம்பியிருப்பது வேட்டை லைசென்ஸ். அது காலாவதியானால் விலக்கும் போச்சு. இன்னொன்று, அந்தச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டுமல்ல. காலிக் கூடு, பிரைமர் (கூட்டின் அடியில் இருக்கும், தட்டினால் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), மருந்து, குண்டு எல்லாம் தனித்தனியாகவே தோட்டாக் கணக்கில் சேரும். பொறுக்கி வந்த பித்தளைக் கூட்டுப் பையும் அப்படித்தான். சந்தேகம் இருந்தால் முதல் செலவு வக்கீலுக்கு.

சரி, காசு. தோட்டாவின் அந்த நான்கு பாகங்களில் திரும்பக் கைக்கு வருவது கூடு ஒன்றுதான். மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் வாங்க வேண்டும். 9 எம்எம் போன்ற மலிவான தோட்டாவில் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் நிற்காது. குறி பார்த்துச் சுடும் உயர்தர .308 தோட்டாவில் நிற்கும். ஆனால் மிச்சமான காசுக்கும் சேர்த்துச் சுட்டுத் தீர்த்துவிடுவீர்கள்; நான் பார்த்த எல்லாரும் அப்படித்தான், என்னையும் சேர்த்து. 2020-க்குப் பிறகு கொஞ்ச காலம் பிரைமருக்கே பஞ்சம் வந்தது. கணக்குப் போட்டு இதற்குள் வராதீர்கள். மேசை முன்னால் தனியாக உட்கார்ந்து ஒரே வேலையை நூறு தடவை செய்வது பிடிக்குமா என்று பாருங்கள்.

பிடிக்கும் என்றால், லிவரை ஒரு முறை இழுத்தால் ஒரே ஒரு வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் வாங்குங்கள். மணிக்கு நூற்றுக்கணக்கில் தள்ளும் புரோகிரசிவ் மெஷின் ஆரம்பத்தில் வேண்டாம். தப்பையும் அதே வேகத்தில் செய்யும். அதற்கும் முன்னால் லைமன் அல்லது ஹார்னடி கம்பெனி போடும் தோட்டா கெட்டிக்கும் கையேட்டை வாங்கி, மருந்து அளவுப் பட்டியலுக்கு முந்தைய பக்கங்களை இரண்டு தடவை படியுங்கள். ரேஞ்சில் யாரோ சொன்ன அளவு வேண்டாம்.

மருந்தை கிரெய்ன் கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். நம் ஊர் ஆசாரி கணக்கில் ஒரு கிரெய்ன் குன்றிமணியில் ஏறக்குறைய பாதி. நீங்கள் பார்க்க வேண்டியது அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஃபேன் ஓடினால் தராசு ஆடும்.

என் கதை ஒன்று. .38 ரிவால்வர் தோட்டாவுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து போன் வந்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். விட்ட இடம் அது இல்லை. ஒரு கூட்டில் மருந்தே விழவில்லை. ரேஞ்சில் 'டப்' என்று ஒரு சத்தம், கையில் உதையே இல்லை. பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்த தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கலாம். இப்போது ஐம்பது கூடுகளையும் குழிப் பலகையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்த பிறகே குண்டு வைக்கிறேன். ரிவால்வர் கூட்டில் மருந்து பாதிகூட நிறையாது. இரண்டு தடவை விழுந்தாலும் வழியாது என்பதுதான் பெரிய பயம். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா, போன் அடுத்த அறையில்.

ரைஃபிள் கூட்டுக்கு ஆயுசு உண்டு. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து, கூட்டுக்குள் அடிப்பக்கச் சுவரில் வருடிப் பாருங்கள். ஒரு இடத்தில் பள்ளம் போலத் தட்டினால், சுடும்போது அங்கேயே அறுந்து போகும். தூக்கிப் போடுங்கள்.

உங்கள் மனைவியின் பயம் நியாயம்தான், ஆனால் ஆபத்து அவர் நினைக்கிற இடத்தில் மட்டும் இல்லை. இந்தப் புகையில்லா மருந்து நம் ஊர் வேட்டுக் கருமருந்து மாதிரி அல்ல. வெளியில் தீப்பட்டால் வேகமாக எரியும். கம்பெனி டப்பாவிலேயே, வெயில் படாமல், பூட்டி வையுங்கள். ஒரு பவுண்டில் 150 தோட்டா போல வரும், ஆகவே குவித்து வைக்கத் தேவையில்லை. நான் பயப்படுவது ஈயத்துக்கு. சுட்ட கூட்டின் கரியிலும் அதைத் துலக்கும்போது கிளம்பும் தூசியிலும் ஈயம் இருக்கும். சமையலறையில் இந்த வேலை கூடாது, மேசையில் காபி கூடாது, சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளைகளைத் தொடக் கூடாது.

நண்பர்களுக்குக் காசுக்குக் கொடுக்க ஆரம்பிக்காதீர்கள். விற்றுத் தொழிலாகச் செய்ய வேறு உரிமம் வேண்டும். அப்புறம், ஊருக்கு வரும்போது ரேஞ்சுக்குத் தூக்கிப் போன பையில் துணி அடுக்காதீர்கள். மூலையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டாவுக்காக, சென்னை விமான நிலையத்தில் போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.