இயற்கை வெளிச்சத்தையே கருப்பொருளாக வைத்து வண்ணப் படம் எடுப்பது எப்படி?

கேட்டவர் சொன்னது இதுதான்: வெளிச்சத்தையே கருப்பொருளாக வைத்து வண்ணப் படங்கள் எடுக்க ஆசை, ஆனால் எடுப்பதெல்லாம் சூரிய அஸ்தமனப் படமாகவே முடிகிறது. சென்னையில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறார், அதுதான் மேல்மாடி. வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான், அதற்கும் எதிரே பக்கத்து வீட்டுச் சுவர்.

முதலில் அஸ்தமனத்தைக் கொஞ்ச காலம் விட்டுவிடுங்கள். அஸ்தமனத்தில் வானம் அழகு, கடல் அழகு, மேகம் அழகு. கண் அவற்றிடமே போய்விடும், வெளிச்சத்தைத் தனியாகப் பார்க்காது. வெளிச்சம் படத்தில் தெரிய வேண்டுமென்றால் அது விழுகிற இடம் வெறும் சுவராகவோ தரையாகவோ துவைத்துப் போட்ட வேட்டியாகவோ இருக்கட்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் ஊர் வீட்டு அடுக்களை. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம், சீமை ஓடு போட்ட வீடு, அடுக்களைக்கு மேலே ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அப்பத்தா விறகடுப்பை மூட்டியதும் அந்த ஓட்டிலிருந்து தரைவரை வெளிச்சம் தூண் மாதிரி நிற்கும். புகை அடங்கினால் தூண் மறைந்து, தரையில் ஒரு திட்டு மட்டும் கிடக்கும். 2019-ல் மாதம் ஒரு சனி ஞாயிறு அங்கே போய், அடுக்களை மூலையில் ட்ரைபாடை வைத்து, அந்தத் திட்டையும் அடுக்களைக்குள் விழும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்தேன். வேறு எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஓடு ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதால், உச்சி வேளையில் திட்டு நிமிடத்துக்கு 2 செ.மீ. அளவுக்கு ஊர்கிறது. வெயில் மேற்கே சாயச் சாயத் திட்டு கிழக்கே போகும். ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தால் படம் போயிருக்கும். மாதக் கணக்கில் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். சித்திரை பிறந்த மூன்று நான்கு நாளில் சூரியன் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும், நடுப்பகலில் திட்டு ஓட்டுக்கு நேர் கீழே விழும். ஆனியில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே நகர்ந்திருக்கும். ஆவணி பத்து வாக்கில் மறுபடி நேர் கீழே. மார்கழியில் வடக்கே இரண்டரை மீட்டர் தாண்டி, அம்மியைக் கடந்து சுவர் ஓரம்வரை போய்விடும். பிறந்து வளர்ந்த வீடுதான். ஆனால் அந்த ஆண்டு உட்கார்ந்து பார்க்கும்வரை இது எனக்குத் தெரியாது.

அப்புறம் நிறம். எங்கள் அடுக்களைத் தரை ரெட் ஆக்சைடு போட்டது, சுவர் சுண்ணாம்பு. வெயில் தரையில் விழுந்ததும் சுவரின் அடிப்பகுதி இளஞ்சிவப்பாகிவிடும், ஏனென்றால் அங்கே வருவது தரையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். கொல்லைக் கதவை ஒட்டிய பக்கமோ நல்ல நீலமாக இருக்கும். அங்கே வெயில் எட்டாது, வானத்தின் வெளிச்சம் மட்டும்தான். காற்று மூலக்கூறுகள் குறைந்த அலைநீளத்தைத்தான் அதிகம் சிதறடிக்கும், 400 நானோமீட்டர் ஊதா 700 நானோமீட்டர் சிவப்பைவிட 9 மடங்குக்கு மேல் சிதறுகிறது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் கூடக் கூட நீலம். அதனால்தான் நடுப்பகல் வெயில் 5500 கெல்வின் அளவில் இருக்கும்போது, தெளிந்த வானத்தின் கீழே இருக்கும் நிழல் 7000-க்கும் மேலே போகிறது. வெள்ளையடித்த ஒரே சுவரில் இப்படி மூன்று நிறம். நமக்கு அது தெரிவதில்லை. சுவர் வெள்ளை என்று மூளைக்கு முன்பே தெரியும், அது நீலத்தைக் கழித்துவிட்டுத்தான் காட்டும்.

வெள்ளையை வெள்ளையாகவே காட்ட நிறத்தைத் தானாகச் சரிசெய்கிற, கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் செய்வதும் இதே வேலைதான். வெளிச்சத்தின் நிறத்தைக் குறை என்று நினைத்துத் துடைத்துவிடும். நீங்கள் எடுக்க வந்ததே அந்த நிறத்தை அல்லவா? ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். கேமரா எதையும் திருத்தாமல் பதிகிற ரா கோப்பாகவே எடுங்கள். எக்ஸ்போஷரைத் திட்டுக்கு வையுங்கள், நிழல் இருண்டு போனால் போகட்டும். இன்னொன்று, கேமரா சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலாக நிறத்தைப் பதிகிறது, மஞ்சள் வெயிலில் சிவப்பு சேனல்தான் முதலில் அளவு மீறி வெடிக்கும். மொத்த ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம், சரியாக இருப்பது போலக் காட்டும், ஆனால் சிவப்பு போயிருக்கும், அந்த இடம் தட்டையான மஞ்சளாக நிற்கும். மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்.

அச்சில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. ஆறு படங்களைப் பெரிய அளவில் அச்சிடக் கொடுத்திருந்தேன். வாங்கிப் பார்த்தால் கொல்லைக் கதவுப் பக்கத்து நீலத்தை எல்லாம் "கலர் காஸ்ட்", அதாவது வேண்டாத நிறச் சாயல், என்று சொல்லித் திருத்தி, சுவரைப் பளிச்சென்று வெள்ளையாக்கியிருந்தார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அன்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓராண்டு எடுத்ததே அந்த நீலத்தைத்தானே. இப்போதெல்லாம் நான் பார்த்துச் சரி சொன்ன சிறிய அச்சு ஒன்றையும் கூடவே கொடுக்கிறேன், "இதே நிறம், திருத்த வேண்டாம்" என்று பின்னால் எழுதி.

யாருடைய வேலையைப் பார்த்துக் கற்கலாம் என்றால் இரண்டு பேரைச் சொல்வேன். அமெரிக்காவின் ஜோயல் மேயரோவிட்ஸ் 1976, 1977 கோடைகளில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கடற்கரையில், 8-க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய மரக் கேமராவோடு வேலை செய்தார். நியூயார்க் தெருக்களில் சின்ன கேமராவோடு ஓடி ஓடி எடுத்தவர், அங்கே போய் ஒரே திண்ணையின் முன்னால் திரும்பத் திரும்ப நின்றார். தூண், கைப்பிடி, தூரத்தில் கடல், அவ்வளவுதான் இருக்கும். ஒரு படத்தில் மங்கிய நீலம், இன்னொன்றில் மின்னல். 1978-ல் 'கேப் லைட்' என்ற பெயரில் அவை புத்தகமாக வந்தன. கலைக்கூடங்கள் கறுப்பு வெள்ளையைத்தான் கலை என்று மதித்த காலம் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப் படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்ததும் 1976-ல்தான்.

மேயரோவிட்ஸைப் பார்த்துவிட்டு அதே அந்தியை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். கேப் காட் வடக்கே 42 பாகையில் இருக்கிறது, சூரியன் சரிந்து சரிந்து இறங்கும், கோடை அந்தி அரை மணிக்கு மேல் நிற்கும். சென்னை 13 பாகை. சூரியன் செங்குத்தாக விழுந்துவிடும், இருபது நிமிடம் கொஞ்சம் கூட, பிறகு இருட்டு. நமக்கு வாய்த்தது வேறு, உச்சி வெயிலும் அது வீட்டுக்குள் திரும்பித் தெறிக்கிற விதமும். உச்சி வெயிலில் படம் எடுக்காதே என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். நம் ஊர் வீட்டுக்குள்ளே அந்த அறிவுரை பொருந்தாது என்பதை உறுதியாகவே சொல்வேன்.

இன்னொருவர் ஊட்டா பார்த். பெர்லினில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்பவர். உங்கள் கேள்விக்கு இவர்தான் நேரான பதில். 2000-ல் அவர் எடுத்த வரிசையில் இருப்பது அவர் வீட்டுச் சுவரிலும் தரையிலும் விழும் ஜன்னல் வெளிச்சம் மட்டும். 2011-ல் திரைச்சீலை வழியே வரும் வெளிச்சக் கோடு ஒன்று, அது மெல்ல அகன்று பட்டையாவதைத் தொடர்ந்து எடுத்திருக்கிறார். திரையைத் தன் கையால் விலக்கி அந்தக் கோட்டை வரைந்தவரும் அவரே. அதற்காக எங்கும் பயணம் போகவில்லை. அவருடைய படத்தை முதன்முதலில் பார்த்தபோது "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்டவன்தான் நான். மூன்று நாள் கழித்தும் அது மனதில் நின்றது.

எங்கள் அடுக்களைக்குத் திரும்புகிறேன், ஒன்று சொல்ல விட்டுப்போனது. 2019 டிசம்பர் 26, கங்கண சூரிய கிரகணம், சூரியனின் நடு மறைந்து ஓரம் மட்டும் வளையமாகத் தெரிவது. கோவை, திண்டுக்கல் எல்லாம் அதன் பாதையிலேயே இருந்தன. எல்லோரும் வெளியே கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்கள். நான் உள்ளே ட்ரைபாடோடு. ஓட்டு இடுக்குகள் வழியே எப்போதும் சுவரில் வட்ட வட்டமாகக் காசு மாதிரி வெயில் விழும். இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் காசு வட்டம்தான், ஏனென்றால் அது சூரியனின் பிம்பம். அன்று காலை அந்தக் காசுகள் ஒவ்வொன்றாகக் கடிபட்டுப் பிறையாயின. ஒன்பதரை மணி வாக்கில் அடுப்புக்கு மேலே கரி படிந்த சுவர் முழுக்க வளையங்கள். அப்பத்தா கிரகண நேரத்தில் அடுப்பு மூட்டமாட்டார், அதனால் புகை இல்லை, ஒவ்வொரு வளையமும் தெளிவாக இருந்தது. ஏறத்தாழ மூன்று நிமிடம். அத்தனை மாதமும் நான் எடுத்துக்கொண்டிருந்தது சூரியனின் படங்களை என்பது அப்போதுதான் உறைத்தது.

சரி, உங்கள் ஜன்னல். எதிர்ச்சுவர் இடைஞ்சல் என்று நினைக்க வேண்டாம், அதுதான் உங்கள் கண்ணாடி ஓடு. ஜன்னல் கிழக்கே பார்க்கிறதென்றால் அந்தச் சுவர் மேற்கே பார்க்கிறது. மதியம் ஒன்றரைக்கு மேல் அதன் மேல்பகுதியில் வெயில் ஏறும், நீங்கள் இருப்பது மேல்மாடி என்பதால் உங்கள் ஜன்னல் மட்டத்துக்கும் அது எட்டும். அப்போது சுவரின் பெயிண்ட் நிறம் வெளிச்சமாக உங்கள் அறைக்குள் வரும், முக்கியமாக அறைக் கூரையின் உட்பக்கத்தில். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, தரையில் படுத்து மேலே பாருங்கள். எதிர்ச்சுவர் என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவில்லை. மஞ்சளாக இருந்தால் இரண்டு மணிக்கு முன்பே கேமராவை எடுத்து வைத்துவிடுங்கள்.