ஜாக்சனுக்கு ஓட்டு அதிகம், ஆடம்ஸ் ஜனாதிபதி ஆனது எப்படி? மோசடியா?

1824 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைத்தான் கேட்கிறீர்கள். ஏதோ வீடியோவில் 'திருடப்பட்ட தேர்தல்' என்று பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். திருட்டு இல்லை. சட்டப்படிதான் நடந்தது. இதைச் சொன்னால் 'ஆடம்ஸ் ஆதரவாளன்' என்பார்கள், சொல்லட்டும்.

அங்கே ஜனாதிபதியை முடிவு செய்வது மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் ஓட்டு. மொத்தத் தேர்வாளர் ஓட்டு 261. ஜெயிக்க 131 வேண்டும். ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. யாரும் பாதியைத் தாண்டவில்லை. அப்படியானால், அரசியலமைப்பின் 12ஆவது திருத்தப்படி, முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை (நாடாளுமன்றக் கீழவை) தேர்ந்தெடுக்க வேண்டும். நான்காவதாக வந்த கிளே அவுட். ஆனால் அந்தச் சபையின் சபாநாயகரே அவர்தான்!

'மக்கள் ஓட்டு' என்று குதிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: நியூயார்க் உட்பட 6 மாநிலங்களில் மக்கள் ஓட்டே போடவில்லை, சட்டமன்றமே தேர்வாளர்களை நியமித்தது. அந்தக் கணக்கே அரைகுறை.

சபையில் உறுப்பினர் தலையை எண்ண மாட்டார்கள். மாநிலத்துக்கு ஒரே ஓட்டு. மாநிலங்கள் 24, தேவை 13. இல்லினாய்ஸின் ஒரே உறுப்பினர் டேனியல் குக் போட்ட ஓட்டும், நியூயார்க்கின் 34 பேரும் சேர்ந்து போட்ட ஓட்டும் சமம். அந்த 34 பேரில் 18 பேர் ஆடம்ஸ் பக்கம். அவர்களில் ஸ்டீபன் வான் ரென்சலர் ஒருவர் மாறியிருந்தால் நியூயார்க்கில் பெரும்பான்மை இல்லை, அந்த மாநில ஓட்டு ஆடம்ஸுக்குப் போயிருக்காது. 1825 பிப்ரவரி 9, முதல் சுற்றிலேயே ஆடம்ஸ் 13, ஜாக்சன் 7, கிராஃபோர்டு 4. அந்த 13இல் ஒன்று குறைந்திருந்தாலும் மறுசுற்றுதான்.

உறுத்துவது கென்டக்கிதான். கிளேயின் சொந்த மாநிலம். ஜாக்சனுக்குப் போடச் சொல்லி அதன் சட்டமன்றமே தீர்மானம் போட்டிருந்தது. பிரதிநிதிகள் ஆடம்ஸுக்குப் போட்டார்கள். சில நாளில் கிளேக்கு வெளியுறவு அமைச்சர் பதவி. ஜெஃபர்சன், மேடிசன், மன்றோ, ஆடம்ஸ் எல்லாரும் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு ஜனாதிபதி ஆனவர்கள். 'ஊழல் பேரம்' என்று ஜாக்சன் ஆட்கள் கத்தாமல் என்ன செய்வார்கள்? பேரம் பேசியதற்கு ஆதாரம் எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதவியைக் கொடுத்தது ஆடம்ஸின் அரசியல் மடத்தனம்; வாங்கியது கிளேயுடையது.

இன்னொரு எரிச்சல். பொது அறிவுப் பக்கங்களில் ஜான் குவின்சி ஆடம்ஸுக்குப் பதிலாக அவர் அப்பா ஜான் ஆடம்ஸின் படத்தைப் போடுகிறார்கள். அப்பா இரண்டாவது ஜனாதிபதி, இவர் ஆறாவது!

1828 தேர்தலில் தேர்வாளர் ஓட்டு ஜாக்சனுக்கு 178, ஆடம்ஸுக்கு 83. இந்தத் தடவை சபைக்கு வேலையே வரவில்லை. அதற்கு முன்பே, 1826இல், ஆடம்ஸுக்கு ஓட்டுப் போட்ட குக்கை இல்லினாய்ஸ் மக்கள் தேர்தலில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.