மைக்கேல் ஸ்காட்டை ஏன் யாரும் வேலையை விட்டுத் தூக்கவில்லை?

கேள்வி: "'தி ஆபீஸ்' என்ற அமெரிக்க காமெடி சீரியல் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். அந்த மேனேஜர் மைக்கேல் ஸ்காட் அடிக்கிற கூத்துக்கு எந்தக் கம்பெனியும் அவரை ஒரு மாதம்கூட வைத்திருக்காது. ரசிகர்கள் எப்படி அவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?"

எத்தனை எபிசோடு பார்த்தீர்கள் என்றும் சொல்லியிருக்கலாம். முதல் சீசனின் 6 எபிசோடு முடித்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். நிறையப் பேர் கழன்றுகொள்வது அங்கேதான். நான் இரண்டாவதிலேயே கழன்றுகொண்டவன். அதில் இன வேற்றுமை பற்றிய பயிற்சி என்று சொல்லி, ஊழியர்கள் நெற்றியில் ஆளுக்கொரு இனத்தின் பெயர் எழுதிய அட்டையை ஒட்டிவிடுவார் மைக்கேல். இந்திய வம்சாவளி ஊழியர் கெல்லி கபூரிடம் போய் இந்தியக் கடைக்காரர் மாதிரி பேசிக்காட்டுவார். பளாரென்று ஓர் அறை விழும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேப்டாப்பை மூடி வைத்தவன் மறுபடி திறக்க ஒரு வருடம் ஆனது.

அந்த முதல் சீசனில் நீங்கள் பார்ப்பது பாதி மைக்கேல், பாதி டேவிட் பிரென்ட். மூலத் தொடர் பிரிட்டனுடையது. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சன்ட்டும் எழுதி 2001 முதல் 2003 வரை பிபிசியில் வந்தது. ஸ்லவ் என்ற ஊரில் ஒரு பேப்பர் கம்பெனி, அங்கே பிரென்ட் என்ற மேனேஜர். கிரெக் டேனியல்ஸ் அதை அமெரிக்காவுக்கு, பென்சில்வேனியாவில் இருக்கும் ஸ்க்ரான்டனுக்குக் கொண்டுபோனார். 2005 மார்ச்சில் என்பிசியில் வந்த முதல் எபிசோடு ஏறக்குறைய பிரிட்டிஷ் எபிசோடின் நகல்தான். ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் போட்டு வைக்கிற குறும்புகூட அங்கிருந்து வந்ததுதான்.

பிரிட்டிஷ் தொடர் 12 எபிசோடு, கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்பெஷல், அவ்வளவுதான். அதனால் பிரென்ட்டை எவ்வளவு கேவலமாகக் காட்டினாலும் தாங்கும். இரண்டாவது சீசன் முடிவில் அவரை வேலையை விட்டும் அனுப்பிவிடுவார்கள். அமெரிக்கத் தொடரோ 9 சீசன், 201 எபிசோடு ஓடியது. மைக்கேல் அதில் இருந்தது ஏழு சீசன். ஏழு வருடம் வாராவாரம் ஒரு ஆளை ஜனங்கள் வீட்டுக்குள் விட வேண்டுமென்றால் அவன்மேல் கொஞ்சமாவது பிரியம் வேண்டும். 'இவனை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்?' என்று நீங்கள் கேட்கிற அதே கேள்விக்கு எழுத்தாளர்களும் ஒரு பதில் கண்டுபிடித்தாக வேண்டியிருந்தது. இரண்டாவது சீசனில் மைக்கேலாக நடிக்கும் ஸ்டீவ் கரேல் தலையைப் பாருங்கள். படிய வாரிய எண்ணெய்த் தலை போய், சாதாரண மனிதத் தலை வந்திருக்கும். மாற்றம் அதோடு நிற்கவில்லை.

'தி கிளையன்ட்' என்ற எபிசோடு வரும், இரண்டாவது சீசனில் ஏழாவது. மைக்கேலும் மேலதிகாரி ஜானும் லாக்கவானா கவுண்டி நிர்வாகத்தின் பேப்பர் ஆர்டரைப் பிடிக்கப் போகிறார்கள். ஜான் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தது ராடிசன் ஹோட்டலில். மைக்கேல் அவர் பாட்டுக்கு அதைச் சில்லீஸ் உணவகத்துக்கு மாற்றிவிடுவார். கவுண்டியிலிருந்து வந்தவருக்கு வெங்காயப் பூ வறுவல் வரவழைக்கிறார், ஜோக் அடிக்கிறார், ரிப்ஸ் விளம்பரப் பாட்டைச் சேர்ந்து பாடுகிறார். ஜான் வியாபாரத்தை எடுக்கும்போதெல்லாம் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறார். ஜான் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது. கடைசியில் வந்தவரே விலை விஷயத்தை எடுக்க, மைக்கேல் குரல் மாறும். நான் இந்த ஊர்க்காரன், இந்த ஜனங்களை எனக்குத் தெரியும் என்கிற தோரணையில் நாலு வார்த்தை. ஆர்டர் கைக்கு வந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த எபிசோடுதான். மைக்கேல் அசகாய சேல்ஸ்மேன். நன்றாக விற்றார் என்பதற்காகவே தூக்கி மேனேஜர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த நாற்காலிக்கு வேண்டிய எதுவும் அவரிடம் இல்லை.

இதை நான் நம்புவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. என் இரண்டாவது வேலை கோவைப் பக்கம், பம்ப் செட் விற்பனை. மேனேஜரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும், சார் என்றால் கோபம் வரும். மாதக் கடைசி மீட்டிங்கில் அவார்டு கொடுப்பார். கலர் பிரின்ட் எடுத்து லேமினேட் செய்த சான்றிதழ். எனக்குக் கிடைத்தது 'டீ திலகம்'. அதில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அந்த மீட்டிங் இரண்டு மணி நேரம் ஓடும், டார்கெட் பற்றிய பேச்சு பத்து நிமிடம்.

ஒரு தடவை பொள்ளாச்சி ரோட்டில் ஒரு டீலர் நான்கு மாத பாக்கி வைத்திருந்தார். நான் ஆறு முறை போய் வெறுங்கையோடு திரும்பியிருந்தேன். அண்ணன் என் பைக்கில் ஏறிக்கொண்டார். கடைக்குள் போனவர் பாக்கியைப் பற்றி வாயே திறக்கவில்லை. டீலர் மகளுக்குக் கல்யாண மண்டபம் கிடைக்கவில்லையாம், அதைப் பற்றி ஒன்றரை மணி நேரம். அங்கே உட்கார்ந்தபடியே மூன்று பேருக்குப் போன் போட்டு ஒரு தேதியைப் பிடித்துக் கொடுத்தார். கிளம்பும்போது டீலரே டிராயரைத் திறந்து செக் எழுதினார். பல வருடம் கழித்துச் சில்லீஸ் காட்சியைப் பார்த்தபோது எனக்கு அந்த டிராயர் சத்தம்தான் கேட்டது.

அதே அண்ணன் எங்கள் இன்சென்டிவ் ஷீட்டை ஹெட் ஆபீசுக்கு அனுப்ப மறந்து, மூன்று பேருக்கு இரண்டு மாதப் பணம் போனதும் உண்மை. "அடுத்த மாசம் சேர்த்து வாங்கித் தர்றேன் தம்பி" என்றார். வரவேயில்லை. அதனால் மைக்கேலை வெறும் செல்லப்பிள்ளையாக்கிக் கொஞ்சுகிற ரசிகர்களோடு எனக்கு ஒத்துவராது. 'உலகின் தலைசிறந்த பாஸ்' என்று எழுதிய கோப்பையைத் தானே கடையில் வாங்கிக்கொண்டு வந்த ஆள் அவர். இப்படிப்பட்டவரின் மறதிக்கு விலை கொடுப்பது எப்போதும் கீழே இருப்பவன்தான்.

சரி, பிறகு ஏன் பார்க்கிறேன்? மூன்றாவது சீசனில் ரிசப்ஷனிஸ்ட் பாம் வரைந்த படங்களின் கண்காட்சிக்காக. ஆபீசிலிருந்து ஆஸ்கார் வருகிறார், வந்தவர் நண்பரிடம் படங்களை மட்டம் தட்டுவது பாம் காதில் விழுந்துவிடுகிறது. பாமின் காதலன் ராய் ஒப்புக்குப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். படங்களைக் கழற்றி எடுக்கிற நேரத்தில் மைக்கேல் வருகிறார். அன்றைக்குத்தான் ஆபீஸ் ஊழியர் ரயன் படிக்கிற பிசினஸ் ஸ்கூலில் அவருக்குப் பெரிய மூக்குடைப்பு. வந்தவர் அவர்கள் ஆபீஸ் கட்டிடத்தை வரைந்த வாட்டர் கலர் முன்னால் நின்றுவிடுகிறார். என் ஜன்னல், என் கார் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கிறார். விலை கேட்கிறார். அதில் நடிப்பே இல்லை. அந்தப் படம் அதன்பின் ஆபீஸ் சுவரில் தொங்கிக்கொண்டே இருக்கும். 2013 மே மாதம் வந்த கடைசி எபிசோடில் பாம் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவார்.

அதே மாதிரி ஐந்தாவது சீசனில் மைக்கேல் சொந்தமாகப் பேப்பர் கம்பெனி தொடங்கும் பகுதியையும் விடாதீர்கள். கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்துகொண்டே பழைய கம்பெனியின் பெரிய முதலாளிகளை எதிரே உட்கார வைத்து, அவர்கள் நீட்டிய பணத்தை மறுத்து, தனக்கும் கூட வந்த இருவருக்கும் வேலை வேண்டும் என்று கேட்டு வாங்குவார். அப்போதும் சேல்ஸ்மேன்தான் பேசுகிறான்.

நமக்கு ஒரு தூரத்துச் சொந்தமும் இந்தத் தொடரில் உண்டு. கெல்லியாக நடித்த மிண்டி கேலிங்கின் அப்பா தமிழர், குடும்பப் பெயர் சொக்கலிங்கம். அதன் நடுவில் இருக்கிற 'கலிங்'கைத்தான் அவர் மேடைப் பெயராக்கிக்கொண்டார். தொடரின் எழுத்தாளர்களிலும் ஒருவர். மூன்றாவது சீசனின் தீபாவளி எபிசோடு அவர் எழுதியது, கெல்லியின் அப்பா அம்மாவாக வருவது அவருடைய நிஜ அப்பா அம்மா. அந்த விழாக் கூட்டத்தின் நடுவே மைக்கைப் பிடித்துத் தன் தோழி கேரலிடம் 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா' என்று மைக்கேல் கேட்பார். கேரலாக நடிப்பது ஸ்டீவ் கரேலின் நிஜ மனைவி நான்சி! அவர் முடியாது என்பார்.

ரசிகர்களுக்கு இன்னொரு தீராத புகார்: இத்தனை வருடம் இப்படி நடித்தும் கரேலுக்கு இந்த வேடத்துக்காக ஒரு எம்மி விருதுகூடக் கிடைக்கவில்லை. ஆறு முறை பரிந்துரையோடு சரி. இதில் நானும் அவர்கள் கட்சி.

நீங்கள் இரண்டாவது சீசனிலிருந்து தொடருங்கள். ஆறாவது சீசனில் 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' வரும்போது மட்டும் தனியாக இருக்கும்போது பாருங்கள். பத்து வருடம் முன்பு ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் பள்ளி முடிக்கிற நேரத்தில் மைக்கேல் வெறுங்கையோடு போய் நிற்பார். பிள்ளைகள் நன்றி சொல்லி ஆடிப் பாடுவார்கள். அவர் பணத்துக்குப் பதிலாக ஆளுக்கொரு லேப்டாப் பேட்டரி கொடுப்பார். நான் மூன்று தடவை முயன்றிருக்கிறேன். பேட்டரி வெளியே வருகிற இடத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போட எழுந்து போய்விடுவேன்.