ஆன்சிபிள் கேள்வி-பதில்: மாற்றிய மதிப்பு சர்வருக்கு ஏன் போகவில்லை?

கேள்வி: பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்க ஆன்சிபிள் பயன்படுத்துகிறேன். சர்வர் குழுவுக்கான மதிப்புகள் இருக்கும் 'குரூப்_வார்ஸ்' கோப்பில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் போர்ட்டை 8080 என்று மாற்றினேன். பிளேபுக் (செய்ய வேண்டிய வேலைகளின் கோப்பு) எரர் இல்லாமல் ஓடி முடிகிறது. சர்வரில் பார்த்தால் பழைய 80தான் இருக்கிறது. ஏன்?

பதில்: முதலில் ரோலின் (ஒரு வேலைக்கான டாஸ்க்குகளும் மதிப்புகளும் சேர்ந்த தொகுப்பு) 'வார்ஸ்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அதே பெயரில் ஒரு வேரியபிள் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஒரே பெயருக்குப் பல இடங்களில் மதிப்பு இருந்தால் எதை எடுப்பது என்பதற்கு ஆன்சிபிளில் 22 படி வரிசை உண்டு. அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ரோலின் 'டிஃபால்ட்ஸ்' ஃபோல்டர் அடிமட்டம். அதை மீறுவது குரூப்_வார்ஸ், அதற்கு மேல் ஹோஸ்ட்_வார்ஸ் (தனி சர்வருக்கான மதிப்புகள்), அதற்கும் மேல் ரோலின் வார்ஸ். கமாண்டில் '-இ' போட்டுக் கொடுத்தால் எல்லாவற்றையும் மீறிவிடும்.

உறுதி செய்துகொள்ள 'ஆன்சிபிள்-இன்வென்டரி --ஹோஸ்ட் வெப்1' என்று ஓட்டுங்கள். வெப்1 என்ற இடத்தில் உங்கள் சர்வரின் பெயர். இது இன்வென்டரி (சர்வர் பட்டியல்) பக்கத்து மதிப்பை மட்டுமே காட்டும். இங்கே 8080 என்று வந்து, ரோலுக்குள் முதல் டாஸ்க்காக வைத்த, மதிப்பை அச்சிடும் 'டீபக்' 80 என்று காட்டினால், மதிப்பு இன்வென்டரிக்கு மேலே எங்கோ மாறுகிறது என்று அர்த்தம்.

ரோல் உங்களுடையது என்றால் அந்த வரியை டிஃபால்ட்ஸுக்கு நகர்த்துங்கள். பயன்படுத்துபவர் மாற்றக்கூடிய எதையும் வார்ஸில் வைக்கவே கூடாது. டெபியனில் ஒன்று, ரெட்ஹேட்டில் வேறு என்று மாறும் பேக்கேஜ் பெயர் போன்றவைதான் அங்கே இருக்க வேண்டும். பிறர் எழுதிய ரோல் என்றால் அதில் கை வைக்காதீர்கள், அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் போய்விடும். பிளேபுக்கின் 'ரோல்ஸ்' பகுதியில், ரோல் பெயருக்குக் கீழேயே 'என்ஜின்எக்ஸ்_போர்ட்: 8080' என்று எழுதினால் அது ரோலின் வார்ஸையும் மீறும்.

அவசரத்துக்குப் போட்ட '-இ'யை, பிளேபுக்கைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் ஜாப்பில் அப்படியே விட்டுவிடாதீர்கள். பிறகு எந்தக் கோப்பைத் திருத்தினாலும் பலன் இருக்காது.

கேள்வி: '-இ எஸ்எஸ்எல்=ஃபால்ஸ்' என்று கொடுத்தும் 'வென்: எஸ்எஸ்எல்' என்று நிபந்தனை போட்ட டாஸ்க் ஓடுகிறதே?

பதில்: சமக்குறி போட்டுக் கொடுப்பது எதுவானாலும் ஸ்ட்ரிங்தான். காலியாக இல்லாத ஸ்ட்ரிங் உண்மை என்றே கணக்காகும். ஆன்சிபிள்-கோர் 2.19 முதல் இப்படிப்பட்ட நிபந்தனை எரர் கொடுத்து நின்றுவிடும், அது நல்லதே. 'வென்: எஸ்எஸ்எல் | பூல்' என்று எழுதுங்கள் ('பூல்' ஸ்ட்ரிங்கை உண்மை/பொய்யாக மாற்றும்), அல்லது மதிப்பை ஜேசான் வடிவில் கொடுங்கள்.

கேள்வி: 'கோப்பு_மோட்: 644' என்று வேரியபிள் வைத்தேன். கோப்பை ஓனரே படிக்க முடியவில்லை.

பதில்: யாமல் (ஆன்சிபிள் கோப்புகளின் எழுத்து வடிவம்) அதைப் பத்தடிமான எண்ணாக எடுத்துக்கொண்டது. எட்டடிமானத்தில் அது 1204. அதாவது ஓனருக்கு எழுத மட்டும், மற்றவர்களுக்குப் படிக்க மட்டும் அனுமதி, கூடவே ஸ்டிக்கி பிட் என்ற சிறப்பு அனுமதி. மேற்கோள் குறிக்குள் "0644" என்று முன்பூஜ்யத்தோடு எழுதுங்கள். வேரியபிளைச் செருகும் {{ குறியில் தொடங்கும் மதிப்புக்கும் மேற்கோள் குறி கட்டாயம், இல்லாவிட்டால் யாமல் அதை டிக்ஷனரி என்று நினைத்துக்கொள்ளும்.